கூத்தாடி வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாமா?

தாம்பரத்தில் ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பம். வீட்டில் எட்டாவது படிக்கும் பெண் இருக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ பரதநாட்டிய வகுப்பு. அரைப் பரீட்சை வந்தால் நாட்டியத்துக்கு ஒரு வாரம் லீவு. அரங்கேற்றம் நடந்தால் பள்ளிக்கூடத்தில் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டுவார்கள். "படிப்பா, நாட்டியமா, ஏதாவது ஒன்றை முடிவு செய்" என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

அதே தாம்பரத்தில் பஸ் ஏறி முடிச்சூர், படப்பை, வாலாஜாபாத் என்று மேற்கே போனால் காஞ்சிபுரம். அதிக தூரம் இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் காஞ்சிபுரத்தைச் சுற்றி உள்ள கிராமங்களிலும், இன்னும் மேற்கே செய்யாறு, திருவண்ணாமலை, வேலூர் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பையனும் எட்டாவது படிக்கும் வயதில்தான் இருக்கிறான். ஆனால் அவனிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டே தீரும்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கூத்து ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடிந்த பிறகு முடியும். எட்டு மணி நேரம். முடிந்ததும் சாமான்களை மூட்டை கட்டி, வண்டி பிடித்து ஊர் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் பையன் தூங்கிக்கொண்டிருப்பான். சரி, ஏதோ ஒரு ராத்திரி என்றால் பரவாயில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம் பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசி என்று போகும். முழுப் பரீட்சையும் பங்குனி, சித்திரையில்தான் வருகிறது. குழுவுக்கு வருமானம் வரும் மாதமும் பையனுக்குப் பரீட்சை வரும் மாதமும் ஒன்று. பரீட்சையைப் பார்ப்பதா, பிழைப்பைப் பார்ப்பதா?

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று ஒரு பழமொழி உண்டு. கூத்தாடி எப்போது விடியும் என்று பார்க்கிறான், கூலிக்காரன் எப்போது பொழுது சாயும் என்று பார்க்கிறான். வேடிக்கைக்காகச் சொன்ன மாதிரி இருந்தாலும் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. கூத்துக்காரனின் நேரம் ஊரின் நேரத்துக்கு நேர் எதிர். ஊர் தூங்கும்போது அவன் வேலை செய்கிறான், ஊர் வேலை செய்யும்போது அவன் தூங்குகிறான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வங்கி, தாலுகா ஆபீஸ் எல்லாம் ஊரின் நேரத்தில்தான் இயங்குகின்றன. (கூத்தாடியைப் பற்றித் தமிழில் இருக்கும் இன்னொரு பழமொழி ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது. ராத்திரி முழுக்க ஆடிக் காட்டியதற்குக் கிடைத்த மரியாதை அது! அரசியலில் நடிகர்களைத் திட்ட வேண்டும் என்றால் இன்றைக்கும் இந்தச் சொல்லைத்தான் தேடி எடுக்கிறார்கள்.)

கலைச் சமத்துவம் என்று பெரிய பெரிய கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மேடை தர வேண்டும், விருது தர வேண்டும், அழிந்து வரும் கலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் பரதநாட்டியம் கற்கும் பெண்ணுக்கும் கூத்து கற்கும் பையனுக்கும் இருக்கும் முதல் வித்தியாசம் மேடையில் இல்லை. ஒருவருக்குக் கலை படிப்போடு சேர்ந்து வருகிறது. இன்னொருவருக்குப் படிப்பைக் கொடுத்தால்தான் கலை கிடைக்கிறது. இந்த விலை இருக்கும் வரை எந்தப் புத்தியுள்ள அப்பா அம்மாவும் பிள்ளையைக் கூத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அனுப்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில் கை வைத்த அமைப்பு ஒன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அதைப் பற்றித் தென்சென்னைப் பக்கம் பேச்சு குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூத்துக்கு வந்தவர். நடிகர், வாத்தியார், நாடகம் எழுதுகிறவர் எல்லாம் அவரே. 1990ல் அவரும் மற்ற கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் இருந்து கூத்தை ஆய்வு செய்ய வந்து, பிறகு ராஜகோபாலையே திருமணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி ப்ரூயின் இதில் கூடவே நின்றார். வெளியில் இருந்து யாரோ வந்து "உங்களைக் காப்பாற்றுகிறோம்" என்று ஆரம்பித்த தொண்டு நிறுவனம் இல்லை இது. ராத்திரி வேஷம் கட்டுகிற ஆட்களின் சங்கம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பின்னால் நடந்த எல்லாமே அதில் இருந்துதான் வந்தது.

முதலில் பெயர். ஊர் உலகமெல்லாம் தெருக்கூத்து என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ராஜகோபால் கட்டைக்கூத்து என்ற பெயரை வலியுறுத்தினார். கட்டை என்றால் முக்கிய வேஷங்கள் அணிகிற மர ஆபரணங்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து, ராத்திரி வெளிச்சத்தில் தகதக என்று மின்னும்படி செய்வார்கள். அதைப் போட்ட பிறகுதான் ஆள் துரியோதனன் ஆகிறான், கர்ணன் ஆகிறான். "தெரு" என்ற சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் தரப்பு. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. புரிசை கண்ணப்ப தம்பிரான் பரம்பரையினர் தெருக்கூத்து என்ற பெயரைத்தான் பெருமையோடு வைத்திருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

பெயர் மாற்றம் தமிழ்நாட்டுக் கலைக்குப் புதிது இல்லை. 1930களில் சதிர் பரதநாட்டியம் ஆனது. புதுப் பெயரோடு மரியாதை வந்தது, சபா வந்தது, 1936ல் கலாக்ஷேத்ரா வந்தது, மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். ஆனால் அதுவரை ஆடிக்கொண்டிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த மரியாதையில் பங்கு பெறவில்லை. மேடை மேலே போனது, மேடையில் இருந்தவர்கள் கீழே இறங்கினார்கள். ஒரு சில பெரிய பெயர்களைத் தவிர. கட்டைக்கூத்து விஷயத்தில் பெயரை மாற்றச் சொன்னவர் ஆடுகிறவரே. எந்தப் பெயர் ஜெயிக்கும் என்பது காலம் முடிவு செய்யட்டும். சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்த்தால் சதிருக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். 2002ல் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சையரசந்தாங்கல் கிராமத்தில் சங்கம் ஒரு குருகுலத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பொதுக் கல்வியும் படிக்கலாம், கூத்தும் கற்கலாம். பாட்டு, அடவு, வசனம், வேஷம் கட்டுவது, மிருதங்கம், ஹார்மோனியம், முகவீணை ஒரு பக்கம். தமிழ், கணக்கு, ஆங்கிலம் இன்னொரு பக்கம். பத்து வயதில் பள்ளியை விட்ட ஒருவர் தன் சிஷ்யப் பிள்ளைகள் பள்ளியை விடாமல் கூத்து கற்க வேண்டும் என்று ஒரு இடம் கட்டினார். இதைவிடத் தெளிவான கலைச் சமத்துவத் திட்டத்தை எந்தக் கருத்தரங்கும் இதுவரை போட்டதாகத் தெரியவில்லை.

அங்கே பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள். இதன் கனம் கூத்து பார்க்காதவர்களுக்குச் சட்டென்று புரியாது. வழக்கமாகக் கூத்தில் பெண் வேஷமும் ஆண்தான் கட்டுவார். திரௌபதியும் ஆண், குந்தியும் ஆண். (2024ல் வந்த 'ஜமா' படம் பெண் வேஷம் கட்டும் ஒரு கூத்துக் கலைஞனைப் பற்றியதுதான். ஜமா என்றால் கூத்துக் குழு.) ராத்திரியில், ஊர் விட்டு ஊர் போய், முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் ஆடினால் ஊர் என்ன பேசும் என்பதுதான் பெரிய தடை. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்கும் பெண்கள் அந்தப் பேச்சைக் காலம் காலமாகக் கேட்டுக்கொண்டுதான் தொழில் செய்கிறார்கள். குருகுலத்துப் பெண் பிள்ளைகள் திரௌபதி வேஷத்தோடு நிற்கவில்லை, கட்டை கட்டி ராஜ வேஷமும் போட்டார்கள். பெண் பாத்திரத்தைப் பெண் நடிப்பதற்கு ஊர் ஒருவேளை தலையாட்டிவிடும். கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் துரியோதனனாக அடவு போடுவதற்கு வேறு மாதிரி துணிச்சல் வேண்டும்.

இதற்கு எதிராகச் சில கேள்விகள் எழும். எழத்தான் வேண்டும்.

"பள்ளிக்கூடம் மாதிரி மணி அடித்துக் கற்றுக் கொடுத்தால் அது கூத்தாக இருக்குமா? குழுவோடு அலைந்து, திரைக்குப் பின்னால் தூங்கி, அப்பா பாடுவதைக் கேட்டுக் கேட்டு வருவதுதானே கூத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. அசல்தன்மை பற்றிய இந்தக் கவலை பெரும்பாலும் பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்துவிட்ட ஆட்களிடம் இருந்துதான் வருகிறது என்பது தற்செயல் இல்லை. அலைந்து கற்பதில் ஒரு அழுத்தம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஒரு ராத்திரி முழுக்கச் சபையைத் தூங்க விடாமல் வைத்திருக்கும் வித்தையை வகுப்பறையில் முழுதாகக் கற்க முடியாது. அதற்காக எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பதும் கூத்தின் ஒரு அங்கம் என்று சொல்லிவிட முடியுமா? கலாக்ஷேத்ராவில் மணி அடித்துத்தான் கற்றுக் கொடுக்கிறார்கள், யாரும் அசல்தன்மை போயிற்று என்று அழவில்லையே.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. குருகுலம் 2020ல் மூடப்பட்டது. பதினெட்டு வருடம் நடந்து நின்றுவிட்டது. சங்கம் தொடர்கிறது, பள்ளிக்கூடம் இல்லை. அப்படியானால் இது தோல்விதானே?

ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். நன்கொடை கேட்க வேண்டும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தங்கும் இடம், அரசு விதிமுறைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் கூத்தும் ஆட வேண்டும். நன்கொடையாளர்கள் பெரும்பாலும் மூன்று வருடத் திட்டம் என்றால் சந்தோஷமாகத் தருவார்கள். ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாவது முடிக்க ஏழு வருடம் ஆகும். திட்டத்தின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் ஒத்துப் போகாது. இப்படிப்பட்ட வேலையைப் பதினெட்டு வருடம் இழுத்ததே பெரிய காரியம். தோல்வி என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால், பதினெட்டு வருடம் பக்கத்தில் நடந்ததைப் பார்த்தும் அதை எடுத்து நடத்த முன்வராத பெரிய அமைப்புகளைச் சொல்லலாம். அரசையும் சேர்த்து.

அரசு என்று வந்ததால் சட்டத்தையும் பார்த்துவிடலாம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். மிக நல்ல சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, ஆனால் படிப்பு கெடாமல் கலைஞராக நடிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கில் விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சர்க்கஸ் மட்டும் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கூத்து? பெயர் இல்லை. "இது போன்ற மற்ற பொழுதுபோக்கு" என்ற சொல்லுக்குள் எங்காவது ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். சோப்பு விளம்பரத்தில் சிரிக்கும் குழந்தையைச் சட்டம் எழுதியவர்களுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவோடு தாளம் போடப் போகிற கூத்துக்காரர் பிள்ளை ஞாபகத்துக்கு வரவில்லை. சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளையைக் கண் விழிக்க வைப்பது தவறுதான். ஆனால் ஒரு பக்கம் பழைய வழியை மூடினால் இன்னொரு பக்கம் புது வழியைத் திறக்க வேண்டும் அல்லவா? குருகுலம் அந்தப் புது வழியாக இருந்தது. அதுவும் சட்டம் வருவதற்கு முன்பே.

மேடை கொடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 2007 பொங்கலில் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காக்களிலும் கடற்கரையிலும் கரகமும் பறையும் கூத்தும் வந்தன. நகரத்துக் கூட்டம் மொய்த்தது. ஆட்சி மாறியதும் நின்றது, 2023ல் அரசே திரும்பவும் தொடங்கியது. பெசன்ட் நகரில் 2015ல் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை நடத்தினார்கள். இது தலைகீழ். மீனவக் குப்பத்துக்குள் மேடை போட்டுக் கர்நாடக சங்கீத ரசிகர்களை அங்கே வர வைத்தார்கள். யார் யார் வீட்டுக்குப் போவது என்பதை மாற்றியது நல்ல யோசனை. அப்புறம் சங்கீதா சிவகுமாரும் கிருஷ்ணாவும் கட்டைக்கூத்துச் சங்கத்தோடு சேர்ந்து கர்நாடக சங்கீதமும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் வருகிற நிகழ்ச்சியையும் நடத்தினார்கள். கூத்தைக் கச்சேரிக்கு முன்னால் பத்து நிமிஷ ஊறுகாயாக வைக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததுதான் அதில் விசேஷம். கூத்துப் பாட்டின் உச்ச ஸ்தாயியைக் கேட்டுவிட்டு "கத்துகிறார்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று உருவான குரல் அது. சபாவின் காதை வைத்து அளந்தால் கத்தல் மாதிரித்தான் இருக்கும்.

இந்த விழாக்கள் எல்லாம் சென்னையில் இருப்பவர்களின் காதை மாற்றுகின்றன. அது தேவை. கூத்துக்காரர் வீட்டின் நிலைமையை அவை மாற்றுவது குறைவு. விழா முடிந்த மறுநாள் கலைஞரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்குத் தென்சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966ல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் தொடங்கிய ஓவியர் கிராமம். படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்று தெரிந்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். வீடு கட்டிக்கொண்டார்கள், வரைந்தார்கள். நிலம் அவர்களுடையது என்பதால் எந்த ஆட்சி மாறினாலும் சோழமண்டலம் அங்கேயே நின்றது. இன்றைக்கு ஈசிஆர் நிலம் விற்கும் விலைக்கு அப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதோடு அவர்கள் கல்லூரியில் படித்த ஓவியர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், கண்காட்சிக்கு வரும் ஆட்களோடு பேசத் தெரிந்தவர்கள். படிப்பு கையில் இருந்ததால் சங்கம் வைக்கத் தெரிந்தது என்றும் சொல்லலாம். ஆக, சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடத்திடமே வர வேண்டியிருக்கிறது.

ஈசிஆர் பக்கம் சோழமண்டலம், முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ரா, திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. வரிசையாகச் சொல்லலாம். ஜிஎஸ்டி சாலைப் பக்கம் பல்லாவரத்தில் இருந்து வண்டலூர் வரை அப்படி ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு. குப்பை, குடிநீர், பாதாளச் சாக்கடை என்று ஆயிரம் தலைவலி இருக்கிற இடத்தில் கலையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்த 70 வார்டுக்குள்ளேயே அனகாபுத்தூர் இருக்கிறது.

அனகாபுத்தூர் நெசவு ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த நாட்டில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியைக் கல்யாணத்திலும் சாவிலும் விடாமல் கட்டுகிறவர்கள். ஏற்றுமதி சரிந்ததும் தறிகளும் சரிந்தன. மிச்சம் இருந்தவர்கள் சணல் நெசவாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு வாழை நார், கற்றாழை நார், அன்னாசி நார் என்று கிடைத்த நாரை எல்லாம் நெய்து பார்த்தார்கள். 25 வகை இயற்கை நாரில் ஒரு சேலை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் பெயர் வந்தது. பத்திரிகைகள் எழுதின. எல்லாம் சரி, அடுத்த தலைமுறை தறியில் உட்காருமா? நெசவாளர் பிள்ளை கல்லூரிக்குப் போனால் தறிக்குத் திரும்புவதில்லை, தறியில் உட்கார்ந்தால் கல்லூரிக்குப் போவதில்லை. காஞ்சிபுரத்துக் கூத்துக்காரர் பிள்ளைக்கு முன்னால் வைத்த அதே கேள்வி இங்கே பம்மலுக்குப் பக்கத்திலும் இருக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம்? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நாட்டுப்புறக் கலைகளுக்கும் அதில் போட்டி உண்டு, ஜெயித்தால் பரிசு உண்டு. போட்டி நடத்தினால் கற்றுக் கொடுக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கூத்து வாத்தியாரை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பலாம். அவருக்குச் சம்பளமும் ஆகும், பிள்ளைக்குப் படிப்பும் கெடாது. இதற்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. ஆனால் அந்த உதாரணத்தைச் சொல்லும்போதே கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாயில் ஆரம்பித்து, பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடிய கூட்டம் அது. அதே வரிசையின் கடைசியில் கூத்து வாத்தியாரையும் கொண்டுபோய் நிறுத்துவதற்கு உதவி என்று பெயர் வைக்க முடியாது.

உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் செய்யக்கூடிய இடம் இதுதான். மேடையும் மாலையும் செலவு குறைவு, போட்டோ நிறைய வரும். சம்பளமும் பள்ளிக் கட்டணமும் செலவு அதிகம், போட்டோ வராது. கூத்துக் குடும்பத்திலோ நெசவுக் குடும்பத்திலோ ஒரு பிள்ளைக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை ஏழு வருடத்துக்கு நிற்கிறேன் என்று ரோட்டரியோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, முன்னாள் மாணவர் சங்கமோ சொன்னால் அது பத்து விழாவுக்குச் சமம். அந்தப் பிள்ளை பிற்பாடு கூத்தாடத்தான் வேண்டும் என்று கட்டாயமும் போடக்கூடாது. படித்துவிட்டுத் தாசில்தார் ஆனாலும் சரி, தாசில்தார் ஆகிவிட்டு லீவு போட்டு வேஷம் கட்டினாலும் சரி.

அப்புறம் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் ஆண்டு விழாக்களுக்கு இப்போது பறையும் கூத்தும் அழைக்கப்படுகின்றன, சந்தோஷம். ஆனால் எப்படி அழைக்கிறார்கள்? "தொடக்க விழாவில் ஒரு பதினைந்து நிமிஷம், சிறப்பு விருந்தினர் வந்ததும் முடித்துக்கொள்ளுங்கள்." அரிதாரம் பூசிக் கட்டை கட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினைந்து நிமிஷத்தில் களரி கட்டி முடிக்கவே நேரம் போய்விடும், கட்டியங்காரன் வந்து சபையைச் சிரிக்க வைப்பது எப்போது, திரைக்குப் பின்னால் இருந்து ராஜா வருவது எப்போது? முடிந்ததும் ஒரு சால்வை. அடுத்த முறை அழைக்கிறவர்கள் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். வேஷம் கட்ட ஒரு அறை, கண்ணாடி, தண்ணீர். ராத்திரிச் சாப்பாடு. பேசிய பணம் அன்றைக்கே கையில், செக்காக இல்லாமல். காஞ்சிபுரம் போகும் கடைசி பஸ் போய்விட்டால் திரும்ப ஒரு வண்டி. குழுவோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது வந்திருந்தால், நிகழ்ச்சியைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளட்டும்.